வருகைப்பதிவு

அம்பாசமுத்திரத்தில் பேய்ப்படத்துக்குக் கூட்டம்
இரண்டாம் ஆட்டத்துக்குத்தான்.
கல்லிடைப் பையன்கள், கடை சாத்திவிட்டு வரும்
பாத்திரக்கடைக்காரர், அவர் மச்சினன்.
நான் மேலே கேபினில்,
ஒரு சாண் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன்.

படம் இதுதான்:
ஹாஸ்டல் பிள்ளைகள் ஒன்பது பேர் ஒருத்தியைத்
தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டு
மூடிமேல் உட்கார்ந்து சீட்டு ஆடுகிறார்கள்.
இடைவேளைக்கு அப்புறம் அவள் வருகிறாள்.
குழாயைத் திறந்தால் தலைமுடி.
கீழே கத்துகிறான்கள், கத்திவிட்டு விசிலடிக்கிறான்கள்.
எனக்குப் பயம் அந்த இடத்தில் இல்லை.
மூடிமேல் இருப்பவர்களில் கடைசிப் பெண்,
ஓரமாக, பாதி உடம்புதான் தெரியும்,
தன் முறை வந்ததும் சீட்டை இறக்குகிறாள்.
அவளை யாரும் கவனிப்பதில்லை.
தினம் நாலு காட்சி, பதினோரு நாள் ஆச்சு.
நாற்பத்து நாலு தடவை இறக்கிவிட்டாள்.

செல்லையா அண்ணன் காலத்தில்
பிடிக்காத துண்டை வெட்டிவிட்டு ஒட்டலாமாம்.
இப்போது எல்லாம் பூட்டு.
திறக்கும் எண் சென்னையிலிருந்து வருகிறது.
எனக்கு ஒரே ஒரு பொத்தான்.

பத்தாம் வகுப்பு, பி பிரிவு.
ஆவுடையப்பன் ஆலங்குளத்திலிருந்து மாறி வந்தவன்.
எங்கள் மணிக்கட்டில் எல்லாம் ஏதோ ஒரு நிறத்தில் கயிறு.
"எதுக்கு இது?" என்று கேட்டான்.
அவ்வளவுதான் கேட்டான்.

மறுநாள் கோயில்பிச்சை சார் பேர் வாசிக்கும்போது
எழுந்து "உள்ளேன் ஐயா" என்றான்.
பின்பெஞ்சிலிருந்து வேலாண்டி: "வரல சார்."
சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
அவருக்கும் சிரிப்புதான்.
அடுத்த நாள் ஆறு குரல்.
அதற்கடுத்த நாள் வகுப்பே.
அடிக்கவில்லை, ஒரு விரல் படவில்லை.
அவன் இடத்தில் பையை வைத்தோம்.
அவன் நடுவில் நிற்க, அவன் ஊடாகவே பேசிக்கொண்டோம்.
பந்து அவன் நெஞ்சில் பட்டுத் தெறித்தால்
"செவத்துல பட்டுட்டுலே" என்றோம்.

நான் எத்தனையாவது நாள் சேர்ந்தேன்?
நாலாவது என்று வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறேன்.
இரண்டாவது.
பக்கத்தில் சுடலைக்கண்ணு முழங்கையால் இடித்தான்.
இடிக்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

பன்னிரண்டாம் நாள். மழை விட்டு
ஓட்டு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.
"ஆவுடையப்பன்."
நாங்கள் வாயைத் திறக்குமுன்
மூன்றாம் பெஞ்சில் எழுந்து நின்று
அவனே சொன்னான், நல்ல தெளிவாக:
"வரல சார்."
யாரும் சிரிக்கவில்லை.
சார் பேனா நின்ற இடத்தில்
மை கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது.

பேய் எதுவும் வரவில்லை.
ஆற்றில் யாரும் மிதக்கவில்லை.
வேலாண்டிக்கு ரெண்டு டிப்பர் ஓடுகிறது.
எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர்தான் வருகிறது,
ஒருநாள் விட்டு ஒருநாள்.

போன ஆடியில் வண்ணார்பேட்டை பைபாஸ்,
பஞ்சர் கடை.
டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குனிந்திருந்தான்.
அதே காது, வெளியே மடங்கியது.
"ஏலே, ஆவுடையப்பா."
நிமிர்ந்தான்.
என் முகத்தில் கொஞ்ச நேரம் கண் நின்றது.
கோபம் என்றால்கூடப் பரவாயில்லை.
"அவன் வரலையே" என்றான்.
பிறகு, "என்ன வண்டி?"
தொட்டியில் குமிழி வந்துகொண்டே இருந்தது.
மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணித் தந்தான்.

மணி பத்தே கால். விளக்கை அணைத்தாகிவிட்டது.
முன்வரிசையில் நாலைந்து பையன்கள்,
ஒன்பதாம் வகுப்பு இருக்கும்.
ஒருத்தன் மட்டும் நாலு இருக்கை தள்ளி.
திரும்பி, வெளிச்சம் வருகிற ஓட்டையைப் பார்க்கிறான்.
விரல் பொத்தான்மேல் இருக்கிறது.
கீழே விசில் தொடங்கிவிட்டது.